கோல்வாசலில் கொட்டிய உப்பு

அமெரிக்காவில் நடக்கும் உதைபந்தாட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று என் மருமகன் நிரோஷன் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டான். பகிடியாகத்தான் கேட்டான். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“மாமா, அது பென்ஷன்காரற்றை லீக். ஐரோப்பாவிலை ஓடி முடிஞ்ச ஆக்கள் போய் வெயில் காயிற இடம். அதின்ரை றிசல்ட்டை வைச்சு ஆரும் கதைப்பினமோ?”

“நானும் பென்ஷன்காரன்தான். நான் கதைக்கிறன், நீ இருந்து கேள்,” என்றேன்.

என் மனைவி சரோ சோற்றுக் கரண்டியோடு நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்றைக்குச் சாப்பாடு ஆறத்தான் போகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் மைதானக்காரன். பிளாட்ஸ்வார்ட் என்று இங்கே சுவிஸில் சொல்வார்கள். புல் வளர்ப்பது, வெட்டுவது, கோடு போடுவது, பனி விழுந்தால் அள்ளுவது எல்லாம் அவன் பொறுப்பு. வின்டர்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தின் கழகத்தில் ஓய்வு பெறும் வரை அந்த வேலைதான் பார்த்தேன். கழகத்தின் பெயர் வேண்டாம், சொன்னால் பழைய தோல்விகளை எல்லாம் கிண்டத் தொடங்கிவிடுவீர்கள். மற்றவர்கள் ஆட்டத்தில் பந்தைப் பார்ப்பார்கள். நான் பந்து விழும் இடத்தையும் கால் ஊன்றும் இடத்தையும் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் அமெரிக்க முடிவுகளில் பாதிக்கு மேல் எனக்கு விளங்கும்.

இந்தப் பருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிப் பட்டியலில் மேலே நின்ற ஓர் அணி, தோற்றால் வெளியேற வேண்டிய கடைசிச் சுற்றில் வெளியூர் போய்த் தோற்று, ஆண்டு முழுக்க உழைத்த உழைப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. நிரோஷனுக்கு அது அநியாயம், அதிர்ஷ்டக் குலுக்கல். எனக்கு அதில் அநியாயம் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் சொந்த ஊரில் மெத்தென்ற புல்லில் ஆடிப் பழகியவர்கள். தோற்ற இடம் பிளாஸ்ரிக் தரை, அதாவது செயற்கைப் புல். முதல் கோலின் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பின்வரிசைக்காரன் சரியான இடத்தில்தான் கால் வைக்கிறான். பந்துதான் அவன் நினைத்ததைவிட வேகமாக உருண்டு போய்விடுகிறது. வர்ணனையாளர்கள் அவனை நித்திரை என்று திட்டினார்கள். அவனுடைய கால் புல்லைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியாக வந்தாலும் கீழ்ப்பிரிவுக்கு விழாத லீக் அது. இங்கே எங்கள் கழகம் ஒவ்வொரு வசந்தத்திலும் விழுவோமோ நிற்போமோ என்று நெருப்பில் நின்று ஆடியது. அந்தப் பயம் இல்லாதவனுடைய ஆட்டத்தில் ஒரு சோம்பல் தெரியும். ஆனால் அதே லீக்கில் குளிரிலும் காற்றிலும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி நிமிடம் வரை ஓடுகிற அணிகளும் இருக்கின்றன. டைலருடைய அணி அப்படிப்பட்டது. டைலர் ஒரு காலத்தில் எங்கள் கழகத்துக் கோல்கீப்பர். அமெரிக்காவின் ஒஹாயோப் பக்கத்துப் பிள்ளை. இப்போது அங்கே ஒரு தொழில்முறை அணியில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். இந்தமுறை கிண்ணம் தூக்கியது அவர்கள்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பிளாஸ்ரிக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புல் போட்ட அணி என்பதையும் நிரோஷனுக்கு ஞாபகப்படுத்தினேன். அவன் கோழிக்காலைக் கடிப்பதில் மும்முரமாகிவிட்டான்.

இப்போது அந்த லீக் தன் ஆட்டக் காலத்தையே மாற்றப் போகிறது. வசந்தத்தில் தொடங்கிப் பனிக்கு முன் முடித்துக்கொண்டிருந்தவர்கள், இனி எங்களைப் போலக் கோடையில் தொடங்கி, குளிர்காலத்தில் ஓர் இடைவேளை விட்டு, அடுத்த வசந்தத்தில் முடிப்பார்களாம். என்னுடைய இடத்தில் இப்போது வேலை பார்க்கும் நாத்யா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். “பெப்ரவரியில் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்று அமெரிக்காவில் இருந்து மைதானக்காரர்கள் கேட்கிறார்கள், சிறி. அந்த உப்புக் கதையைச் சொல்லுங்கள்,” என்றாள். அவளுக்கு ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டேன். இங்கே தமிழில் எழுதுவதற்குக் காரணம், உப்புப் போட்டவர்கள் தமிழில்தான் வாசிப்பார்கள்.

ஊரை விட்டு வந்த புதிதில் இன்டர்லாக்கனில் ஒரு ஹொட்டேல் குசினியில் கோப்பை கழுவினேன். பிறகு மரக்கறி வெட்டினேன். பிறகு சலாட் பகுதி முழுவதும் என் கையில் வந்தது. சம்பளம் ஒழுங்காக வந்தது, சரோவும் வந்து சேர்ந்தாள். ஜன்னல் இல்லாத அந்தக் குசினியில்தான் எனக்கு மூச்சு முட்டியது. ஹொட்டேல் தோட்டத்தில் ஆள் குறைந்த ஒரு கோடையில் புல் வெட்டப் போனவன், திரும்பக் குசினிக்குள் போகவில்லை. ஒரு பயிற்சி வகுப்பு, ஒரு பரீட்சை, அதன் பிறகு இந்தக் கழகத்தில் தற்காலிக இடம். “புல்லை நம்பிக் குசினி வேலையை விட்டவர் எண்டு இந்த உலகத்திலை நீங்கள் ஒராள்தான்,” என்று சரோ அப்போது சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

என் மேலாளர் ருவேடி. நெட்டையான மனிதர், பேச்சுக் குறைவு. காலையில் வந்ததும் வணக்கத்துக்கு முன்னால் சட்டைப்பையில் இருந்து மடக்குக் கத்தியை எடுப்பார். இரண்டு கோல்வாசல், நடுவட்டம், மேற்குப் பார்வையாளர் கொட்டகையின் நிழல் விழும் ஓரம் என்று ஒவ்வோர் இடத்திலும் குனிந்து கத்தியைத் தரையில் இறக்குவார். அது எவ்வளவு எளிதாக இறங்குகிறது என்று பார்ப்பார். வெளியே எடுத்து மணந்து பார்ப்பார். மண் புளித்து மணத்தால் கீழே தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் அந்த மணத்தை அவருக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட்டால் என்னைத் திரும்பிப் பார்த்து, “பரவாயில்லை,” என்பார். அவர் வாயில் இருந்து வரும் ஆகப் பெரிய பாராட்டு அதுதான்.

பனிக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. உறைந்த புல்லில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் அப்போது ஒன்றும் தெரியாது, பிறகு பாதத்தின் அச்சு அப்படியே கறுத்துக் கிளம்பும். பனியை அள்ளத் தகடு வைத்த சவள் கூடாது, பலகைதான். அடியில் ஒரு மெல்லிய பனித்தோலை விட்டுவிட்டுத்தான் தள்ள வேண்டும். அந்தத் தோலை வெயிலும் காற்றும் எடுக்கும். ஆட்கள் ஒரே வரிசையில், ஒரே திசையில் நடக்க வேண்டும். மேற்குக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில், பழுதடையும் இடங்களுக்கு மாற்றாகத் தனியாகப் புல் வளர்த்து வைத்திருந்தார். குளிரில் அதற்குத் துணி போர்த்தி வைப்பார். அந்தத் துண்டைத் தன் பிள்ளைகளைவிட அதிகம் பார்த்தார் என்று அவருடைய மனைவியே சொல்லுவா.

உப்புப் போட்ட அந்தக் குளிர்காலம் பொல்லாதது. உறைபனியால் எங்கள் மைதானத்தில் ஏற்கனவே இரண்டு ஆட்டங்கள் தள்ளிப்போயிருந்தன. நகரசபையின் விளையாட்டுப் பகுதிக்குப் பொறுப்பான திருமதி ஹூக் வந்து எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். “இன்னும் ஓர் ஆட்டம் நின்றால் கோடையில் பிளாஸ்ரிக் போடுவோம். கோபிக்காதீர்கள், நகரத்தால் இதற்கு மேல் தாங்க முடியாது.” கெட்ட மனுசி இல்லை, உள்ளதைச் சொன்னார். பிளாஸ்ரிக் வந்தால் மைதானத்துக்கு ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆள் ருவேடி. நான் திரும்பவும் ஜன்னல் இல்லாத குசினிக்கு.

அடுத்த உள்ளூர் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அதற்கு முதல் நாள் முழுக்கப் பனி கொட்டியது. ஞாயிறு விடியக் கழகத்தின் ஆதரவாளர்கள் சிலர் பலகைகளோடு வந்தார்கள். ஆள் காணாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. “உனக்கு ஆள் இருக்கிறதா?” என்று ருவேடி கேட்டார். எனக்கு ஆளுக்கா பஞ்சம். எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் தலைவர் தவம் அண்ணைக்கு ஒரு தொலைபேசி எடுத்தேன்.

தவம் அண்ணை கார் காராக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். பாதிப் பேர் ஹவுஸ்வார்ட் வேலை செய்கிறவர்கள், அதாவது அடுக்குமாடிகளைப் பராமரிக்கிறவர்கள். பனி என்றால் அவர்களுக்குத் தினசரி வேலை. செம்மஞ்சள் ஜாக்கெற்றோடு வரிசையாக நின்று தள்ளத் தொடங்கினார்கள் பாருங்கள், சுவிஸ்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ருவேடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நடந்து வந்தார். முகத்தில் சந்தோசம் மாதிரி ஒன்று தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அந்த நிமிர்ச்சியோடு நானும் ருவேடியும் மறுபக்கக் கோல்வாசலுக்குப் போய், உறைபனிக்காக அங்கே போர்த்தியிருந்த துணியைச் சுருட்டி முடித்தோம். திரும்பிப் பார்த்தபோது கொட்டகை நிழல் விழும் கோல்வாசலில் தவம் அண்ணை வாளியும் கையுமாக நின்றார். வயலில் விதைப்பவர் போல அழகாகக் கை வீசிக்கொண்டிருந்தார்.

நான் ஓடினேன். உறைந்த புல்லில் ஓடக்கூடாது என்பதே மறந்துபோனது.

“அண்ணை, என்ன போடுறியள்?”

“உப்பு,” என்றார். “இதிலை ஐஸ் பிடிச்சுக் கிடக்கு தம்பி. பெடியள் வழுக்கி விழுந்தால் காலெல்லோ உடையும்.”

“புல்லுக்கு மேலை உப்பே?”

“ஐசுக்கு உப்புப் போடாமல் வேறென்ன, சீனியே போடுறது? நான் ஒவ்வொரு நாளும் விடியக்காலமை போடுறன், ஒருத்தரும் விழுந்ததில்லை.”

அவரைக் கோபித்து என்ன செய்வது? ஹவுஸ்வார்ட் ஒருவரின் கார் டிக்கியில் குளிர்காலம் முழுக்க உப்பு மூட்டை இருக்கும். வாசலில் ஒரு கிழவி வழுக்கி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். பனியைக் கண்டால் கை தானாக உப்புக்குப் போகும். அன்பாகத்தான் போட்டார், தாராளமாகப் போட்டார். ஒரு பெரிய அறை அளவுக்குக் கோல்வாசலின் வலதுபக்கம் முழுவதும் ஐஸ் உருகிச் சளசளவென்று கிடந்தது. அந்தத் தண்ணீர் கீழே இறங்கினால் வேரில் இருக்கும் ஈரத்தை எல்லாம் உப்பு உறிஞ்சிவிடும். சில நாளில் அந்த இடம் வைக்கோலாகிவிடும். திருமதி ஹூக்குக்கு வேறு சாட்சி தேவைப்படாது. 

ருவேடியிடம் போய் நேராகச் சொன்னேன். அவர் வந்து குனிந்து கத்தியை இறக்கினார். எடுத்து இந்தமுறை மணந்து பார்க்கவில்லை, நுனியை நாக்கில் வைத்தார். துப்பினார்.

“யார்?”

“என் ஆட்கள்.”

“அப்படியென்றால் உன் ஆட்களே எடுக்கட்டும்,” என்றார். “எல்லாவற்றையும். மண்ணோடு.”

பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய், தான் வளர்த்து வைத்த துண்டின் மேல் இருந்த துணியை ஒரே இழுப்பில் விலக்கினார். வசந்தகாலத்துக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த புல். பச்சையாக, மெத்தென்று கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு புல்லை மண்ணோடு பாளமாக வெட்டும் சவளை என்னிடம் நீட்டினார்.

முதலில் உப்புச் சேற்றை வழித்து வாளிகளில் எடுத்தோம். பிறகு உப்புப் பட்ட புல்லைக் கையளவு ஆழத்துக்கு வெட்டித் தூக்கி வெளியே எறிந்தோம். கீழே மண்ணை நக்கிப் பார்த்து, உப்பு இன்னும் கரித்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தோண்டினோம். அன்றைக்கு மண் தின்னாத தமிழன் அந்த மைதானத்தில் இல்லை. புதுப் பாளங்களைத் தடிப்பாக வெட்டச் சொன்னார் ருவேடி. மெல்லிய பாளம் வேர் பிடிக்கும் வரை வழுக்கும், தடித்தது தன் பாரத்திலேயே இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார்கள். ருவேடி முழந்தாளிட்டு வாங்கி, ஒன்றோடு ஒன்றை நெருக்கி அடுக்கி, பலகை வைத்துத் தட்டினார்.  ஆகக் கனமான பாளங்களை எல்லாம் தவம் அண்ணை தானே பிடித்துப் பிடித்துத் தூக்கினார்.

சரோ கோயில் குசினியில் இருந்து ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்தவுடனே என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். “நல்ல காலம், பருப்புக்குப் போடவேண்டியதை எல்லாம் புல்லுக்குப் போட்டாச்சு,” என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, “பயப்பிடாதேங்கோ. குசினிக்குப் போனாலும் நாங்கள் சாகமாட்டம்,” என்று மெல்லச் சொன்னாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பப் பாளம் தூக்கப் போனேன்.

ஆட்டம் நடத்தலாமா என்று பார்க்க மத்தியஸ்தர் வந்தபோது திருமதி ஹூக்கும் கூடவே வந்தார். ருவேடி மறைக்கவில்லை. இந்த இடத்தில் உப்புப் பட்டது, எடுத்துவிட்டோம், இது இன்று வைத்த புல் என்று இருவருக்கும் சொன்னார். “செத்ததா பிழைத்ததா என்று வசந்தத்தில் வந்து பார்க்கிறேன்,” என்றார் திருமதி ஹூக். மத்தியஸ்தர் குதிக்காலால் ஊன்றிப் பார்த்தார். திரும்பத் திரும்ப ஊன்றினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், “இதில் நிற்கப் போகிறவனைக் கூப்பிடுங்கள்,” என்றார்.

டைலர் வந்தான். கையுறையைக்கூடப் போடாமல் அந்தப் புதுப் புல்லில் பாய்ந்து விழுந்தான். எழும்பினான், ஓடி வந்து மற்றப் பக்கம் விழுந்தான். காலால் உந்தி, உதைத்து, குதித்துப் பார்த்தான். பாளம் ஒன்றும் அசையவில்லை. “நான் பிளாஸ்ரிக்கில் வளர்ந்தவன்,” என்று, பிளாஸ்ரிக் உரசிய தன் முழங்கைத் தழும்புகளை மத்தியஸ்தருக்குக் காட்டினான். “இன்றைக்கு நான் இதில் நிற்கிறேன்.”

ஆட்டம் நடந்தது. ஒரு கோலால் முன்னுக்கு நின்றோம். முடியப் போகும் நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் அந்தப் பக்கமாகவே தாழ்வாக அடித்தான். சனம் முழுக்கப் பந்தைப் பார்த்தது. நான் டைலருடைய இடது காலைப் பார்த்தேன். புதுப் பாளத்தின் நடுவில் ஊன்றி உந்தினான். பாளம் பிடித்துக்கொண்டது. அவன் பறந்து போய் விரல் நுனியால் பந்தை வெளியே தள்ளினான். கொட்டகை அதிர்ந்தது. பந்து எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வென்றோம். தவம் அண்ணை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

அதனால்தான் சொல்கிறேன், அமெரிக்கர்கள் பனிக்காலத்துக்குள் வரட்டும். வந்த பிறகு முடிவுகள் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். குளிர் நகரத்து அணிகள் பெப்ரவரியில் சொந்த மண்ணில் தோற்பது அரிதாகும், நல்ல மைதானக்காரன் இருந்தால். வெயில் ஊர் நட்சத்திரங்கள் வந்து கால் ஊன்றத் தெரியாமல் நிற்பார்கள். கிண்ணம் ஆருக்கு என்று நிரோஷன் ஆட்டக்காரர்களின் பெயரைப் பார்த்துச் சொல்லட்டும். நான் தரையைப் பார்த்துச் சொல்கிறேன். ஆருடையது பலிக்கிறது என்று பார்ப்போம்.

உப்புக் கதைக்குத் திரும்பி வருகிறேன். அந்த ஆண்டு வசந்தம் வந்தது. அதுவரை நான் அந்த இடத்துக்கு நல்ல தண்ணீர் விட்டேன், எஞ்சிய உப்பை விரட்ட ஜிப்சம் தூவினேன், வேலைக்கு வந்தவுடன் முதலில் அங்கேதான் போனேன். திருமதி ஹூக் பிளாஸ்ரிக் கம்பனிக்காரர் இருவரோடும் அளவு நாடாவோடும் வந்தார். கோல்வாசலில் நின்று சுற்றிப் பார்த்தார்.

“உப்புப் பட்டது எந்த இடம்?”

நான் காட்டினேன். ருவேடி தலையை ஆட்டிவிட்டு வேறோர் இடத்தைக் காட்டினார். இருவரும் குனிந்து தேடினோம். பொருத்திய கோடு எங்கேயும் இல்லை. கையால் தடவியும் பார்த்தோம். எல்லாம் ஒரே பச்சை. திருமதி ஹூக் சிரித்துவிட்டார். நாடாவை எடுத்துக்கொண்டு பயிற்சி மைதானத்துக்கு நடந்தார். பிளாஸ்ரிக் அங்கேதான் போனது, பெரிய மைதானம் புல்லாகவே இருந்தது. அந்தக் கோடையில் என் இடம் நிரந்தரமானது.

பருவம் முடிந்து, புது விதை போடுவதற்கு முன்னால் ருவேடி என்னிடம் வந்தார். “ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்களைக் கூப்பிடு. பலகை வேண்டாம், சப்பாத்துக் கொண்டுவரட்டும்,” என்றார். வெளியாட்கள் கால் வைக்கக்கூடாத மைதானத்தில், உப்புப் போட்டவர்களும் அள்ளியவர்களும் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினோம். உப்பைக் கண்டு ஓடிய அந்த ஒரு நாளைத் தவிர, அத்தனை காலமும் நடந்து மட்டுமே பழகிய புல்லில் அன்றைக்குத்தான் நான் பந்தோடு ஓடினேன். கோல்வாசலில் பந்து வந்தது, பாய்ந்தேன், வழுக்கினேன், முழந்தாளில் நெடுந்தூரம் சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தோடு வலைக்குள் கிடந்தேன். தவம் அண்ணைதான் கோல்கீப்பர். விழுந்து கிடந்த என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சரோ என் வெள்ளைக் காற்சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு முழங்காலிலும் தடிப்பாகப் பச்சை. தேய்த்தாள், ஊற வைத்தாள், திரும்பவும் தேய்த்தாள்.

“இஞ்சருங்கோ, பிளாஸ்ரிக் எண்டால் இந்தக் கறை பிடிச்சிராது,” என்றாள்.

“ஓம்,” என்றேன். “பிடிச்சிராது.”